ஒரு மணி நேரம் போக்குவரத்து பாதிப்பு

'இதனால் அப்பகுதியில் ஒரு மணி நேரம் போக்குவரத்து பாதிக்கப்பட்டது.'

இந்த வரியை நான் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. குடிநீர் வரவில்லை என்று மறியலா, ஒரு மணி நேரம். ரேஷன் அரிசியில் பூச்சி என்று மறியலா, அதே ஒரு மணி நேரம். கடிகாரத்தைப் பார்த்து எழுதினதாக ஞாபகமே இல்லை. உப்புமாவுக்குக் கடுகு போடுகிற மாதிரி கை தானாகப் போட்டுவிடும். நீங்கள் இன்று கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு 'பொதுமக்கள் கடும் அவதி, பெரும் பரபரப்பு' என்று மூச்சுவிடாமல் பேசுகிறீர்களே, அதற்கெல்லாம் மூத்த அண்ணன் இந்த வரி.

புதிதாக நிருபர் வேலைக்கு வந்திருக்கிற உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். முப்பது வருஷம் ஆரணியில் குப்பை கொட்டினவன், சாதனைப் பட்டியல் வைத்திருப்பேன் என்று நினைத்திருப்பார்கள். பட்டியலெல்லாம் ஒன்றும் இல்லை. ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் மறக்க முடியாத ஒரே ஒரு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் செய்தி அனுப்புவது தவிர, எங்கள் பத்திரிகையில் சனிக்கிழமைதோறும் 'சந்து பொந்து' என்று ஒரு பத்தியும் எழுதிக்கொண்டிருந்தேன். நகராட்சி, கட்சிக்காரர்கள், சாதிச் சங்கங்கள், அம்மன் ஊர்வலத்துக்கு மூன்று தெரு தாண்டி ஆஸ்பத்திரி வாசலில் ஒலிபெருக்கி கட்டுகிறவர்கள், காதலித்துக் கல்யாணம் செய்துகொண்ட பிள்ளைகளைப் பஞ்சாயத்து பேசிப் பிரிக்கிறவர்கள், யாரையும் விட்டுவைக்க மாட்டேன். சிரிக்கச் சிரிக்க எழுதுவேன். திட்டு வாங்கினவரே டீக்கடையில் என்னைப் பார்த்து, "இன்னா சார், இந்த வாரம் நம்மளப் புடிச்சிட்டீங்க" என்று இளிப்பார். இல்லாதவர்கள் பக்கம் நிற்கிறவன் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர் மேல் எனக்கே ஒரு மயக்கம் இருந்தது. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அப்போது ஊரில் ஏழு பத்திரிகைக்கு ஏழு நிருபர்கள். ஏழு பேரும் தினம் எல்லா இடத்துக்கும் அலைவது வீண் என்று எங்களுக்குள் முறை வைத்திருந்தோம். ஒரு நாளைக்கு ஒருவர். அவர் போலீஸ் ஸ்டேஷன், அரசு ஆஸ்பத்திரி, நகராட்சி, தாலுகா ஆபீஸ் எல்லாம் சுற்றி வந்து எழுதுவார். எழுதினதை வாட்ஸ்அப்பில் மற்ற ஆறு பேருக்கும் தட்டிவிடுவார். அவர்கள் முதல் வரியை மட்டும் புரட்டிப் போட்டுத் தங்கள் ஆபீசுக்கு அனுப்புவார்கள். வாசகர் ஏழு பேப்பரிலும் ஒரே சேதியைப் பார்த்துவிட்டு, ஏழு பேரும் நேரில் போய்ப் பார்த்தார்கள் என்று நம்புவார். பார்த்தவர் ஒருவர்தான். சில நாள் அந்த ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்.

அன்றைக்கு என் முறை.

காலையில் ஒரு பயணிகள் நிழற்குடை திறப்பு விழாவுக்குப் போயிருந்தேன். பத்திக்காகவே போனேன். நிழற்குடையின் கூரை இரண்டாள் உயரத்தில் இருந்தது. வெயிலும் மழையும் சாவகாசமாக உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டுப் போகலாம். பெஞ்சில் நாலு பேர்தான் உட்கார முடியும், கல்வெட்டிலோ பதினெட்டு பேர் பெயர். எம்.எல்.ஏ. ரிப்பன் வெட்டும்போது தலையில் வெயில் படாமல் இருக்க ஒருவர் பின்னால் நின்று குடை பிடித்தார். நிழற்குடைக்கு உள்ளேயே குடை. எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மனசுக்குள் பத்தி ஓட ஆரம்பித்துவிட்டது. அந்த நேரம் பார்த்து போன் வந்தது. வேலூர் ரோட்டுப் பக்கத்து வார்டின் கட்சிக்காரர் ஒருவர்.

"அண்ணே, எங்க கீறீங்க? இங்க பொம்பளைங்க குடத்தோட ரோட்ல உக்காந்துட்டாங்க. பன்னெண்டு நாளா தண்ணி வரல. ஜல்தியா வாங்க."

"நான் திறப்பு விழாவுல இருக்கேன்பா. போட்டோ ஒண்ணு எடுத்து அனுப்பு, போட்டுடறேன்."

"கொஞ்சம் பெருசா போடுங்கண்ணே. அப்பதான் தண்ணி வுடுவான்."

"தலைமைன்னு யார் பேரப் போடட்டும்? உன் பேரா?"

"அய்யோ, என் பேர் வேணாண்ணே. நகராட்சில நம்ம கட்சிதான கீது, பேஜாராயிடும். இங்க ஒரு பொண்ணு நின்னுகினு கீது. டிகிரி படிச்ச பொண்ணு. அது பேரப் போட்டுக்கங்க." பெயரைச் சொன்னார். அப்பா பெயரையும் சொன்னார்.

படம் வந்தது. காலிக் குடங்கள், தரையில் உட்கார்ந்த பெண்கள், அவர்கள் முன்னால் ஒரு இளம்பெண் கையை உயர்த்தியபடி நிற்கிறார். நான் நிழற்குடைக்குள் வெயிலில் நின்றுகொண்டே கைப்பேசியில் எழுதினேன். இன்னார் தலைமையில் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் காலிக் குடங்களுடன் சாலை மறியலில் ஈடுபட்டனர், நகராட்சியைக் கண்டித்துக் கோஷம் எழுப்பினர், இதனால் அப்பகுதியில் ஒரு மணி நேரம் போக்குவரத்து பாதிக்கப்பட்டது. படத்தில் இருந்த தலைகள் முப்பதுகூடத் தேறாது. பத்து நிமிஷ மறியல் என்று அனுப்பினால் ஆபீசில் குப்பைக்குப் போகும், ஒரு மணி நேரம் என்றால் படத்தோடு வரும், படத்தோடு வந்தால் தண்ணீர் வரும். இதுதான் எங்கள் கணக்கு. ஏழைகளுக்காகத்தானே கொஞ்சம் கூட்டிச் சொல்கிறோம் என்று ஒரு சமாதானம் வேறு. ஆறு பேருக்கும் தட்டிவிட்டேன். மறுநாள் ஏழு பேப்பரிலும் வந்தது. அதற்கு அடுத்த நாள் அந்த வார்டில் தண்ணீரும் வந்தது. எனக்கு ஒரே திருப்தி.

நாலாம் நாள் மத்தியானம் அந்தப் பெண் என்னைத் தேடி வந்தார். ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில்தான் என் ஆபீஸ், ஒரு மேசை, இரண்டு நாற்காலி. நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை.

"சார், அன்னிக்கு நீங்க எங்க நின்னுகினு இருந்தீங்க? நான் உங்களப் பாக்கவேயில்லையே" என்றார்.

குத்திக் காட்டிக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. அவர் தொடர்ந்து சொன்னார்.

"நான் தலைமையெல்லாம் தாங்கல சார். அம்மாவக் கூட்டிகினு போவ வந்தேன். அப்ப பஸ் வந்துச்சு. டிரைவர் ஹாரன் அடிச்சிகினே இருந்தாரு. நான்தான் எல்லாரையும் ஓரமா நவுரச் சொல்லிட்டு, போங்க போங்கன்னு பஸ்சுக்குக் கை காட்டினேன். அதத்தான் போட்டோ புடிச்சிருக்காங்க. பத்து நிமிஷம்கூட இருக்காது சார். நகராட்சிக்காரர் வந்து பேசினாரு, எல்லாம் எந்திரிச்சிட்டாங்க."

கைப்பேசியில் அந்தப் படத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். உயர்த்தின கைதான், ஆனால் விரல்கள் மடங்கியிருக்கவில்லை. வாய் மூடியிருந்தது. ஓரத்தில் பஸ்சின் முன்கண்ணாடி கொஞ்சம் தெரிந்தது. கோஷம் என்று நான் எழுதினது, ஒரு பெண் பஸ்சுக்கு வழி விட்டது.

"இப்ப என் மேல கேஸ் போட்டுருக்காங்க சார். முதல் ஆள் நான்தான்."

அதற்கப்புறம் அவர் சொன்னதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. போலீஸ் கான்ஸ்டபிள் வேலைக்கான எழுத்துத் தேர்வில் தேறியிருந்தார். ஓட்டம், உயரம் எல்லாவற்றிலும் தேறியிருந்தார். மிச்சம் இருந்தது ஊரில் வந்து விசாரிப்பது மட்டும்தான். விசாரணையில் பெயரில் வழக்கு இருந்தால் அதோடு முடிந்தது கதை. இரண்டு வாரத்தில் அறிக்கை போக வேண்டும். வயதும் இதுதான் கடைசி வருஷம். நிலம் நீச்சு என்று எதுவும் இல்லாத குடும்பம். அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர், அம்மா கூலிக்குப் பட்டு நூல் இழைக்கிறவர். அந்தத் தெருவில் காக்கிச் சட்டையைப் பார்த்து ஓடினவர்கள் உண்டு, போட்டவர்கள் ஒருவரும் இல்லை.

நான் உடனே ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர்தான், என் பத்தியை விடாமல் படிப்பவர். எழுத்தரைக் கூப்பிட்டு எஃப்.ஐ.ஆரை எடுத்துவரச் சொன்னார். வாங்கிப் படித்தேன். 'இன்னார் தலைமையில் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள்.' 'கோஷம் எழுப்பினர்.' 'இதனால் அப்பகுதியில் ஒரு மணி நேரம் போக்குவரத்து பாதிக்கப்பட்டது.' என் வரிகள். ஒரு கமாகூட மாறவில்லை. வாழ்நாள் பூராவும் எஃப்.ஐ.ஆரைப் பார்த்துச் செய்தி எழுதினவன் நான். என் செய்தியைப் பார்த்து எஃப்.ஐ.ஆர். எழுதுவார்கள் என்று கனவிலும் நினைத்ததில்லை.

"நாங்க முதல்ல கேஸே போடல சார்" என்றார் இன்ஸ்பெக்டர். "எங்க ஆளு போறதுக்குள்ள எந்திரிச்சிப் போயிட்டாங்க. மறுநாள் மேலேர்ந்து பேப்பர் கட்டிங் வந்துச்சு. ஏழு பேப்பர். ஒரு மணி நேரம் ரோடு அடைச்சிருக்காங்க, நீ இன்னா பண்ணிகினு இருந்தன்னு கேட்டாங்க. நான் என்ன சார் பதில் சொல்ல முடியும்?"

"அது தப்பான செய்தி சார்."

"ஏழுமா?"

எஃப்.ஐ.ஆரை மேசை மேல் வைத்துவிட்டு எழுந்தேன்.

நேராக நண்பர்களிடம் போனேன். ஆறு பேரையும் டீக்கடையில் உட்கார வைத்து, ஏழு பேரும் மறுப்புச் செய்தி போட்டுவிடலாம் என்றேன். ஒருவர் சொன்னார். "அண்ணே, மறுப்பு போட்டா ஆபீஸ்ல இன்னா கேப்பான்? நீ போவலையான்னு கேப்பான். நான் போவலன்னு சொன்னா, அப்ப இத்தினி வருசம் எதுக்குடா போனன்னு கேப்பான். புள்ள குட்டிக்காரங்கண்ணே." அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. தப்பு என் தப்பு. அவர்கள் செய்தது நம்பினது மட்டும்தான்.

அடுத்து நான் செய்ததில் ஒரு நல்ல காரியம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பர் ஒருவர் இருப்பாரே, உங்களுக்குத் தெரியும். ஒரு நிமிஷம் முந்தினால் அடிதடி, இரண்டு நிமிஷம் பிந்தினால் வசவு என்று பஸ்காரர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு விழிக்கிற மனிதர். இந்த ஊரில் நேரத்தை நேரமாக எழுதி வைக்கிற ஒரே ஆத்மா அவர்தான். அவர் நோட்டைக் கேட்டேன். வேலூர் ரோட்டில், கண்ணமங்கலம் பக்கமிருந்து அன்று காலை வந்த பஸ்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. ஒரே ஒரு பஸ் எட்டு நிமிஷம் தாமதம். அதற்கு எதிரே 'குடம்' என்று எழுதியிருந்தார். மற்றதெல்லாம் சரியான நேரம். அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்தேன். அன்று நான் மறியல் நடந்த இடத்தில் இல்லை, நிழற்குடை விழாவில் இருந்தேன், இந்தப் பெண் தலைமை தாங்கியதாக எழுதியது விசாரிக்காமல் எழுதியது என்று கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டு, விழாப் படம் ஒன்றையும் சேர்த்தேன். எம்.எல்.ஏ.வுக்குப் பின்னால் குடைக்காரர், குடைக்காரருக்குப் பின்னால் நான்.

இன்ஸ்பெக்டரிடம் கொடுப்பதற்கு முன்னால் அந்தப் பெண் வீட்டுக்குப் போனேன். என் தப்பைச் சரி செய்துகொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் போனேன். அவர் அப்பா இருந்தார். என்னைப் பார்த்ததும் ஓடிப்போய்த் தோளில் இருந்த துண்டால் நாற்காலியைத் துடைத்தார். சுவரில், சாமி படத்துக்குப் பக்கத்தில், என் செய்தி. லேமினேட் செய்து மாட்டியிருந்தார்கள்.

"ஏழு பேப்பரும் வாங்கினேன் சார்" என்றார். "உங்க புண்ணியத்துல எம்பொண்ணு பேரு பேப்பர்ல வந்துடுச்சி. என் பேரும் வந்துடுச்சி. மில்லுல எல்லாரும் படிச்சாங்க. எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனா எம்பேரு எந்த எடத்துல கீதுன்னு காட்டுவேன்." விரலை வைத்துக் காட்டினார். சரியான இடம்தான்.

அவருக்கு வழக்கு விஷயமே தெரியாது. கதவுக்குப் பக்கத்தில் நின்ற அந்தப் பெண் என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். சொல்லாதீர்கள் என்று அர்த்தம். எனக்குப் புரிந்தது. அவர்கள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை இன்ஸ்பெக்டரிடம் எல்லாவற்றையும் கொடுத்தேன். நிதானமாகப் படித்தார். டைம் கீப்பர் பக்கத்தை இரண்டு முறை படித்தார். "இது போதும் சார். தவறான தகவல்ல போட்ட கேஸ்னு முடிச்சிடலாம். டி.எஸ்.பி. கையெழுத்து ஒண்ணு வாங்கணும். விடுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்றார்.

இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். 'விடுங்க, நாங்க பாத்துக்கறோம்' என்று போலீஸ் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று வருஷக்கணக்காகப் பத்தியில் நக்கல் அடித்தவன் நான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. என்னைத் தட்டிக் கழிக்கிறார் என்று முடிவு செய்தேன். ஒரு நாள் பொறுத்துத் திரும்பப் போய்க் கேட்டிருக்கலாம். அந்தப் பெண்ணிடம் ஒரு போன் போட்டு, இன்ஸ்பெக்டர் இப்படிச் சொல்கிறார், நீ என்னம்மா நினைக்கிறாய் என்று கேட்டிருக்கலாம். அவர் எண் என்னிடம் இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பத்தி அனுப்ப வேண்டிய நேரம். நிழற்குடையை ஒதுக்கிவிட்டு வேறு ஒன்றை எழுதினேன். தலைப்பு, 'நான் அங்கே இல்லை.' என்னை நானே சாட்டையால் அடித்துக்கொண்டேன். ஏழு பேர் முறை போட்டு எழுதுவதை உடைத்தேன். பேப்பரைப் பார்த்துப் போலீஸ் வழக்கு எழுதின கூத்தை ஒரு பிடி பிடித்தேன். உயர்த்தின கையை எழுதினேன். அந்தப் பெண்ணின் பெயர், தெரு, தேர்வில் தேறினது, இந்த வழக்கால் அது போகப் போவது எல்லாம் எழுதினேன். சுவரில் மாட்டியிருந்த லேமினேட் செய்த செய்தியையும், எழுதப் படிக்கத் தெரியாத அப்பா விரல் வைத்துக் காட்டினதையும் எழுதினேன். எழுதும்போது அந்தப் பெண் தலையை ஆட்டினது ஞாபகம் வரவில்லை என்று உங்களிடம் சொல்லலாம். அது பொய். ஞாபகம் வந்தது. ஆனால் அது நல்ல இடம், விடக்கூடாது என்று தோன்றியது.

எடிட்டர் முதலில் பயந்தார், பிறகு படித்துவிட்டு, "அண்ணே, கண்ணுல தண்ணி வந்துடுச்சி, அப்படியே போடறேன்" என்றார். சனிக்கிழமை காலையிலிருந்து போன் ஓயவில்லை. ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியர், உங்களை மாதிரி நாலு பேர் இருந்தால் நாடு உருப்படும் என்றார். வேலூர் வக்கீல் ஒருவர் ஃபேஸ்புக்கில் போட்டார், அதை ஊரெல்லாம் தள்ளினார்கள். நான் சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு இரண்டு நாள் திரிந்தேன். ஒரு பொய்யை உடைத்ததற்கு இத்தனை பாராட்டு. பொய் சொன்னவனும் நானே என்பது யாருக்கும் உறைக்கவில்லை. எனக்கே உறைக்கவில்லை.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் போன் செய்தார்.

"இன்னா சார் பண்ணி வச்சிருக்கீங்க" என்றார். கோபம்கூட இல்லை, சலித்துப் போன குரல். "டி.எஸ்.பி. டேபிள்ல ஃபைல் இருந்துச்சு. இன்னிக்குக் காலையில கையெழுத்து ஆகியிருக்கும். இப்ப அவர் எப்படி சார் போடுவாரு? போட்டா, ஆமா, நாங்க பேப்பரைப் பாத்துதான் கேஸ் எழுதினோம்னு ஒத்துக்கிட்ட மாதிரி. எஸ்.பி. ஆபீஸ்லேர்ந்து விளக்கம் கேட்டுட்டாங்க. முழுசா விசாரிக்கணும்னு ஆர்டர். முப்பது பொம்பளைங்களையும் கூப்பிட்டு வாக்குமூலம் வாங்கணும். எத்தன மாசம் ஆவும்னு எனக்கே தெரியாது."

"இன்னிக்குக் காலையிலா?" என்று மட்டும் கேட்டேன். அவர் போனை வைத்துவிட்டார்.

இவர் சொன்னபடி செய்கிற போலீஸ்காரராக இருந்திருக்கிறார். எல்லோரையும் சந்தேகப்படுவதுதான் அறிவு என்று இருந்த எனக்கு அப்படி ஒருவர் இருக்கலாம் என்று தோன்றவே இல்லை. பொய்யை எழுதினபோது அந்தப் பெண்ணுக்கு வழக்கு வந்தது. உண்மையை எழுதினபோது வேலை போய்விட்டது.

அன்று சாயங்காலம் அந்தப் பெண் வந்தார். இந்த முறையும் உட்காரவில்லை. கையில் சனிக்கிழமைப் பேப்பர் இருந்தது. நான் அழுதுவிடுவேன் போல இருந்தது. அவர் அழவில்லை.

"கேஸ் விஷயத்த அப்பாவுக்குத் தெரியாம வச்சிருந்தேன் சார். மில்லுல யாரோ படிச்சுக் காட்டியிருக்காங்க. வந்து செவுத்துல இருந்தத எடுத்துட்டாரு. எங்க போட்டாருன்னு தெரியல. ரெண்டு நாளா வேலைக்குப் போவல" என்றார்.

நான் என்னென்னவோ சொன்னேன். நல்லதுக்காகத்தான் எழுதினேன் என்றேன். கலெக்டரைப் பார்க்கலாம், சென்னைக்கே போகலாம் என்றேன். அந்த வக்கீல் பணம் வாங்காமல் வாதாடத் தயார் என்றேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்.

"சார், நீங்க என்னைப் பத்தி ரெண்டு தடவ எழுதினீங்க. ரெண்டு தடவையும் என்னை ஒரு வார்த்த கேக்கல."

பேப்பரை என் மேசை மேல் வைத்துவிட்டு மாடிப்படி இறங்கிப் போனார்.

கலெக்டரையும் பார்த்தேன், சென்னைக்கும் போனேன். எல்லா இடத்திலும் என் பத்தியைப் படித்திருந்தார்கள், எல்லோரும் பாராட்டினார்கள், டீ கொடுத்தார்கள். வழக்கு எட்டு மாதம் கழித்துத் தள்ளுபடி ஆனது. அதற்குள் அந்த வருஷப் பட்டியலில் தேறினவர்கள் பயிற்சி முடித்து வெளியே வந்துவிட்டார்கள். நிழற்குடைப் பத்தியை நான் எழுதவே இல்லை. 'சந்து பொந்து'வையும் அந்த வருஷத்தோடு நிறுத்திவிட்டேன். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டவர்களிடம் கண் சரியில்லை என்றேன்.

உங்களில் பாதிப் பேர் என்னைவிட வேகமானவர்கள், என்னைவிடத் தைரியசாலிகள். யாருக்கும் பயப்படாமல் கேள்வி கேட்கிறீர்கள், எனக்குச் சந்தோஷம்தான். எம்.எல்.ஏ.வைக் கேளுங்கள், கமிஷனரைக் கேளுங்கள். நாம் யாருக்காகப் பேசுகிறோம் என்று சொல்லிக்கொள்கிறோமோ, அவர்களைக் கேட்க மட்டும் நமக்குத் தோன்றுவதில்லை. அவர்களுக்கு நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு வந்துவிட்டால் கேட்கவே வேண்டியதில்லை என்று ஆகிவிடுகிறது. எதிரியைப் பற்றி எழுதும்போது நான் மூன்று முறை சரிபார்ப்பேன், அவன் வழக்குப் போடுவான் என்ற பயம். அந்தப் பெண் என்ன செய்துவிடப் போகிறார்?

அவர் இப்போது செய்யாறு தொழிற்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறார். காலையில் கம்பெனி பஸ் வருகிற இடத்தில் பத்துப் பதினைந்து பெண்களோடு நிற்பார். எத்தனையோ நாள் அந்த வழியாகப் போயிருக்கிறேன், நின்று பேசத் தைரியம் வந்ததில்லை. போன வாரம் போய் நின்றேன். உங்களிடம் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள், இதைச் சொல்லலாமா என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

மூன்று நாள் கழித்து போன் செய்தார்.

"சொல்லிக்கங்க சார்" என்றார். "பேரு வேணாம்."